தேடி வந்தவர்களுக்கும் ஒரு டேபிள்

ஜனவரி 8

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனின் காலைத் தும்மல்கூடச் சுகமாகத்தான் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் எழுந்துகொள்கிறார்கள். உன் இருமல் விட்டதா? கம்ப்யூட்டர் வகுப்பில் ஏசிக்கு நேர் கீழே உன்னை உட்கார வைத்திருப்பதாகச் சொன்னாயே, நாற்காலியை நகர்த்திக்கொண்டாயா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தொலைந்த பொருள் அறையை நீ ஒருமுறை பார்த்திருக்கிறாய். பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டு இறங்குவதையெல்லாம் கண்டக்டர்கள் இங்கே கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் மூன்று பேர் அதற்குச் சீட்டுக் கட்டி, பதிவேட்டில் எழுதி, தேடி வருகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். "அண்ணி, இது அறையா, பூகம்பம் வந்த கடையா?" என்று நீ கேட்டாய். நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. ஆனால் நீ கேட்டதில் தப்பில்லை. தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் போகிறார்கள். பொருள் எங்களிடம் இருந்தும் எங்களால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

நேற்று மேலாளர் கூட்டம் போட்டார். ஜூன் மாதத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா வருகிறாராம். இந்த அறையால் யாருக்கும் பிரயோஜனமில்லை என்று அவர் நினைத்தால் அறையை மூடிவிட்டுச் சாமான்களைப் பழைய பொருள் வியாபாரிக்கு அள்ளிப் போட்டுவிடுவார்கள். எங்களுக்கு டிக்கெட் கவுண்டர். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் காட்டினா ஒருவேளை மனசு மாறுவாங்க. ஆனா இங்க யாருக்கு டேட்டாபேஸ் தெரியும்?" என்று பெருமூச்சு விட்டார். பெரிய கொண்டை அக்கா மின்விசிறியைப் பார்த்தாள். சிக்கனம் சார் தன் செருப்பைப் பார்த்தார். (அவருக்கு அந்தப் பெயர் காசு விஷயத்தில் வந்ததல்ல. வார்த்தையைச் செலவழிக்க மாட்டார். எந்தப் பொருளானாலும் பதிவேட்டில் இரண்டு சொல்தான்.) எனக்குப் பொறுக்கவில்லை. "எனக்குத் தெரியும் சார். நானே பண்ணிடறேன்" என்றேன்.

சின்னவளே, எனக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள பழக்கம் அதன்மேல் தூசி தட்டியதோடு சரி.

சிரிக்காதே. இந்த அறை எனக்கு வேண்டும். போன மாதம் ஒரு குழந்தையின் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கவுண்டரில் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டு நான் அதை எங்கே போய்த் தேடுவேன்?

ஆகவே டீச்சரம்மா, அண்ணிக்குப் பாடம் சொல்லிக்கொடு. போனில் வேண்டாம், இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவேன். எழுதி அனுப்பினால் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அமுக்குவேன். உன் அண்ணனிடம் மூச்சு விடாதே. அவ்வளவு தூரம் வேலைக்குப் போகாதே என்று உன்னிடம் குதித்தவர், இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் "தங்கச்சி கம்ப்யூட்டர் டீச்சர்" என்று பீற்றிக்கொள்கிறார். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்காரி போதும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி

ஜனவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

இருமல் போய்விட்டது, உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. நாற்காலியையும் நகர்த்திக்கொண்டேன். உங்கள் முழங்கால் வலி எப்படி? அண்ணன் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை வழக்கம்போலச் சட்டைப் பையில் சேமிக்கிறாரா?

முதல் பாடம்: கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள்.

டேபிள் என்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை, கட்டம் போட்ட தாள்தான். மேலிருந்து கீழே போகும் ஒவ்வொரு பத்திக்கும் ஃபீல்டு என்று பெயர். ஒரு பொருளைப் பற்றி நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு ஃபீல்டு. என்ன பொருள்? எந்த வண்டி? எந்தத் தடம்? எந்த நாள்? இடமிருந்து வலமாகப் போகும் ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருள். ஒரு கட்டத்தில் ஒரே பதில்தான் இருக்க வேண்டும். "கறுப்புக் குடை, பதினான்காம் தடம், செவ்வாய்" என்று எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் திணிக்காதீர்கள். பிற்பாடு தேடும்போது அழுவீர்கள்.

பிறகு டேபிளின் அமைப்பை முடிவு செய்யும் டிசைன் வியூவுக்குப் போங்கள். (எங்கே அமுக்குவது என்று வகுப்பில் அச்செடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கும் இடங்கள்.) அங்கே ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அது எழுத்தா, எண்ணா, தேதியா என்று கேட்கும். அதற்கு டேட்டா டைப் என்று பெயர். கடைசியாக ஒரு பிரைமரி கீ வேண்டும். எந்த இரண்டு வரிசைக்கும் ஒன்றாக இருக்கவே கூடாத ஃபீல்டு அது. ஒரு பொருளை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது எது என்று யோசித்து நீங்களே தேர்ந்தெடுங்கள்.

அண்ணனிடம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் தெரியத்தான் போகிறது. அன்றைக்கு அவர் தும்மலையே மறந்துவிடுவார்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்

பிப்ரவரி 4

அன்புள்ள சின்னவளுக்கு,

முழங்கால் மழைக்கு முன்னால் மட்டும் சொல்லிவிட்டு வலிக்கிறது, மற்றபடி நல்ல பிள்ளை. மாத்திரை விஷயத்தில் நீ சொன்னது நிஜம். துவைக்கப் போட்ட சட்டையில் ஆறு கிடைத்தது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

படங்களை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். டேபிள் போட்டுவிட்டேன்! "கிடைத்த பொருள்" என்று பெயரும் வைத்துவிட்டேன். கட்டங்கள் திரையில் வந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கொண்டை அக்கா, "ஏய், நிஜமாவே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். "பின்னே?" என்றேன்.

அந்தப் பெருமை மத்தியானம் வரைக்கும் நின்றது. பிரைமரி கீ எது என்று நான் யோசித்தேன் பார், அங்கேதான் கோட்டை விட்டேன். எங்கள் பிழைப்பே பஸ்தானே. ஊரில் ஒரு வண்டிக்கு இருக்கும் எண் இன்னொரு வண்டிக்குக் கிடையாது. ஆகவே வண்டி எண்ணையே பிரைமரி கீயாக வைத்தேன். முதல் நாள் எல்லாம் சமர்த்தாக ஏறியது. மறுநாள் அதே வண்டியில் இன்னொரு குடை வந்தது. கம்ப்யூட்டர் ஏற்கவே மாட்டேன் என்கிறது. ஒரு வண்டியில் ஆயுசுக்கும் ஒரு பொருள்தான் தொலைய வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. சிக்கனம் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சட்டம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட சொற்பொழிவு.

அவரும் தட்டச்சு செய்ய வருகிறார், பாவம். பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றுவது அவர் பொறுப்பு. தேதிக் கட்டத்தில் "போன செவ்வாய்" என்று அடித்தார். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. அவர் அதை ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்தார். இப்போது பதிவேட்டில் கண்டக்டர்கள் எழுதிய தடத்தையும் ரப்பர் முத்திரை குத்தியிருக்கும் தேதியையும் பார்த்து அடிக்கிறார். அந்த மட்டில் உன் டேட்டா டைப்புக்கு ஒரு கும்பிடு.

குடைக்கு வழி சொல்.

உன் அண்ணி

பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு மாத்திரைக்காக அண்ணனைத் திட்டினீர்களா? என் பங்குக்கும் திட்டுங்கள். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தெம்பாக இருக்கிறேன்.

வண்டி எண் வண்டியைத்தான் பிரித்துக் காட்டும், பொருளை அல்ல. நீங்கள் வண்டிகளைப் பற்றி டேபிள் போட்டிருந்தால் அது சரி. இது பொருள்களின் டேபிள். பொருளுக்கு என்று ஓர் எண் வேண்டும். டேட்டா டைப்பில் ஆட்டோ நம்பர் என்று இருக்கும் (படத்தில் வட்டம் போட்டிருக்கிறேன்). அதை வைத்தால் கம்ப்யூட்டரே ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டு போகும். அந்த எண்ணையே சீட்டில் எழுதிப் பொருளில் கட்டிவிடுங்கள். ஒரே வண்டியில் நூறு குடை வந்தாலும் கவலை இல்லை.

இன்னொன்று, மறந்துவிட்டேன்: தொலைபேசி எண்ணை நம்பர் என்று வைக்காதீர்கள், டெக்ஸ்ட் என்று வையுங்கள். நாம் கூட்டிக் கழிக்காத எதுவும் கம்ப்யூட்டருக்கு எழுத்துதான்.

முதல் தப்பை இவ்வளவு அழகாகச் செய்த மாணவி எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

அன்புடன்,
உங்கள் சின்னவள்

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, மானத்துக்குத்தான் குறைவு. நீ எப்படி இருக்கிறாய்? உன் பக்கம் வெயில் ஆரம்பித்துவிட்டதா?

தொலைபேசி விஷயத்தை நீ எழுதி அனுப்புவதற்குள், பொருள்களுக்குள் சொந்தக்காரர்கள் எழுதி வைத்திருந்த எண்களில் நாற்பதை நான் நம்பர் என்று வைத்து ஏற்றிவிட்டேன். முன்னால் இருந்த சுழியையெல்லாம் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது. கைப்பை கிடைத்துவிட்டது என்று ஓர் ஆசிரியைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ரொட்டிக்கடைக்காரர். "என்கிட்ட கைப்பை கிடையாதும்மா" என்றார். மறுபடியும் அவரே. மூன்றாவது தடவை, "சரி, அந்தப் பையை எனக்கே குடுத்துடுங்க, நிம்மதியாவது கிடைக்கட்டும்" என்று கத்தினார். டெக்ஸ்ட் என்று மாற்றி, எல்லாச் சுழியையும் கையாலேயே போட்டு முடித்தேன்.

அது சின்னத் தப்பு. பெரிய தப்பைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது கம்ப்யூட்டர் தப்பே இல்லை. என் தொழிலையே மறந்த தப்பு.

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருள் வந்தாலும் அதன் ஓர் அடையாளத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம். பையின் உள்ளறையில் இருக்கும் கறையோ, கைப்பிடியில் இருக்கும் கீறலோ, ஏதோ ஒன்று. தேடி வருகிறவர் அதைத் தானாகச் சொன்னால்தான் பொருளைக் கொடுப்போம். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம். நானோ டேபிள் போட்ட மயக்கத்தில் எல்லா அடையாளத்தையும் ஒரு ஃபீல்டில் அடித்து, அழகாக அச்செடுத்து, வாசலில் ஒட்டிவிட்டேன். மேலாளர் வந்து பார்த்து, "பிரமாதம்மா!" என்றார்.

கிளி மூக்குக் கைப்பிடி, ஒரு கம்பி உடைந்த நீலக் குடை. அதற்கு நான்கு சொந்தக்காரர்கள் வந்தார்கள். நான்கு பேரும் கிளியையும் கம்பியையும் ஒப்பித்தார்கள். ஒருவர், "அந்தக் கம்பி உடைஞ்சதே என் மாமியாராலதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொருளைக் கொடுத்த பிறகு ஐந்தாவதாக ஒருவர் வந்தார். அவர் பிடியின் அடியில் செதுக்கியிருந்த இரண்டு எழுத்தையும் சொன்னார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டேன். மேலாளர் இப்போது "பிரமாதம்" என்பதில்லை, நான் போகும்போது தொண்டையைக் கனைக்கிறார்.

அடையாளம் எனக்கும் வேண்டும், மற்றவர் கண்ணில் படவும் கூடாது. இதற்கு என்ன செய்வது? சீக்கிரம் எழுது. ஜூன் ஓடி வந்துகொண்டிருக்கிறது.

உன் அண்ணி

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

இவ்வளவு தாமதமானதற்கு மன்னியுங்கள். கொஞ்சம் வேலை அதிகம். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணன், நீங்கள், முழங்கால் மூவரும் சுகம்தானே?

எல்லாவற்றையும் ஒரே டேபிளில் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? "கிடைத்த பொருள்" டேபிளில் எல்லோரும் பார்க்கக்கூடியதை மட்டும் வையுங்கள். "அடையாளம்" என்று இரண்டாவது டேபிள் ஒன்று போடுங்கள். அதில் இரண்டே ஃபீல்டு: பொருளின் எண், மறைத்து வைக்கும் அடையாளம். எண் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் எந்த அடையாளம் எந்தப் பொருளுடையது என்று உங்களுக்குத் தெரியும். அச்செடுக்கும்போது முதல் டேபிளை மட்டும் அச்செடுங்கள். இரண்டாவதற்குக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள். அதற்கான இடம் மெனுவில் மூன்றாவதோ நான்காவதோ இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை படம் அனுப்ப முடியவில்லை. கையால் வரைந்திருக்கிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்தாவது ஆளுக்காக வருத்தப்படாதீர்கள். ஒரு குடை போனது. அறை இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சின்னவள்

ஏப்ரல் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீதான் "நன்றாகத்தான்" என்று இழுக்கிறாய். என்ன வேலை அதிகம்? நல்ல அதிகமா, கெட்ட அதிகமா? அதைச் சொல்லவில்லையே.

இரண்டாவது டேபிள் சக்கைப்போடு போடுகிறது. அந்த ஐந்தாவது ஆளும் குடையோடு போய்விட்டார். முதலில் வாங்கிப் போனவர் மாமியாரோடு வந்து திருப்பிக் கொடுத்துவிட்டார். யார் கூட்டி வந்தது யாரை என்று நான் கேட்கவில்லை.

இப்போது வேறொன்று என்னைப் பிடுங்குகிறது. போன வாரம் ஒரு தையல்காரர் வந்தார், ஊன்றுகோலோடு. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் கிடையாது. செயற்கைக் காலைப் பழுது பார்க்க மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தப் பெண் பதினான்காம் தடத்தில் சீட்டுக்கு அடியில் பையை வைத்துவிட்டு இறங்கிவிட்டாள். இப்போது அவரால் மிதித்துத் தைக்க முடியாது, கையால் பொத்தான் கட்டுகிறார். "மூணு தடவை வந்துட்டேம்மா. வர்றப்பல்லாம் இல்லைன்னு சொல்றீங்க. அடுத்த தடவை நான் வந்தேன்கிறதாவது எங்கேயாவது எழுதி வச்சிருப்பீங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எழுதி வைத்திருக்கவில்லை. கிடைத்ததை எழுதுகிறோமே தவிர, தொலைத்துவிட்டு வருகிறவரை ஒரு நாளும் எழுதியதில்லை. "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டு அந்த ஆளையே மறந்துவிடுகிறோம். பொருள் மறுவாரம் வந்தாலும் யாரைக் கூப்பிடுவது?

ஆகவே நானாக ஒன்று செய்துவிட்டேன். மூன்றாவது டேபிள். "தேடுபவர்" என்று பெயர். ஆள், தொலைபேசி (டெக்ஸ்ட்!), என்ன பொருள், எந்தத் தடம், எந்த நாள். தையல்காரரை முதல் வரிசையில் உட்கார வைத்தேன். பழுது பார்க்கும் இடத்துச் சீட்டைப் பார்த்து நாளையும் சொன்னார். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரையும் ஏற்றுகிறோம். கவுண்டரில் நிற்பவர்கள் கொஞ்சம் ஆறுதலோடு போகிறார்கள்.

ஆனால் இந்த டேபிளையும் "கிடைத்த பொருள்" டேபிளையும் எப்படிப் பேச வைப்பது? பொருள் பெயரை வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. அவர்கள் "கைப்பை" என்கிறார்கள், சிக்கனம் சார் "பை, பழசு" என்கிறார்.

இயக்குநர் அம்மா ஜூன் பதினெட்டு வருகிறார். தினமும் நாட்காட்டியில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணி

மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம். என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, உங்களைப் பற்றித்தான் எழுத இருக்கிறது.

"தேடுபவர்" டேபிளைப் பற்றிப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வகுப்பில் யாருக்கும் இது தோன்றியதும் இல்லை. எல்லோரும் கையில் இருப்பதற்குத்தான் டேபிள் போடுவார்கள். இல்லாததற்குப் போட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

இரண்டையும் சேர்க்க, இரண்டிலும் பொய் சொல்லாத ஃபீல்டு எது என்று பாருங்கள். பொருளின் பெயரை நம்பாதீர்கள். அதை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். தடமும் நாளும் மாறாது. டேபிள்களிடம் நாம் கேட்கும் கேள்விக்குக் குவெரி என்று பெயர். அதில் ஒன்று போடுங்கள்: இரண்டு டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தடத்தோடு தடத்தையும் நாளோடு நாளையும் கோடு போட்டு இணையுங்கள். எது எதோடு ஒரே வண்டித் தடத்தில் ஒரே நாளில் இருந்தது என்று அதுவே வரிசையாகக் காட்டும். பெயர் பொருந்தாவிட்டாலும் தள்ளிவிடாமல் போய்ப் பாருங்கள். கோடு போடும் இடம் மேல்வரிசையில் வலது பக்கம் என்று நினைக்கிறேன்.

பதினெட்டாம் தேதி நான் உங்கள் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்

ஜூன் 19

என் அருமைச் சின்னவளுக்கு,

சுகமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை, பிறகு கேட்கிறேன். நேற்று நடந்ததைக் கேள்.

இயக்குநர் அம்மா வந்தார். குள்ளம், வேகம், கையில் கடிகாரத்தைத் திருப்பிக் கட்டியிருந்தார். மேலாளர் என்னைவிட அதிகமாக வியர்த்தார். மூன்று டேபிளையும் காட்டினேன். குடை எத்தனை என்று கேட்டார், காட்டினேன். சென்ற மாதம் திருப்பிக் கொடுத்தது எத்தனை என்று கேட்டார், அதையும் காட்டினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பதிவேட்டிலயும் இதெல்லாம் எண்ணிப் பாத்துக்கலாமே. புதுசா இது என்ன பண்ணும்?" என்றார்.

குவெரியை ஓட்டினேன். சின்னவளே, உண்மையைச் சொல்கிறேன், பழைய பதிவேடு முழுவதும் ஏறி முடிந்ததே முந்தின நாள்தான். முழுசாக ஓட்டுவது எனக்கும் அதுதான் முதல் தடவை. திரையில் மளமளவென்று வரிசைகள் வந்தன. இயக்குநர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையைச் சத்தமாகப் படித்தார்.

"தேடுபவர்: தையல்காரர். தேடும் பொருள்: செயற்கைக் கால். கிடைத்த பொருள்: காலணி, ஒற்றை."

அவர் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். மேலாளரும் அசடு வழியச் சிரித்தார். "காலைக் கேட்டா செருப்பைக் குடுக்குதே! கிட்டத்தட்ட வந்துடுச்சும்மா, அடுத்த வருஷம் முழுசா வந்துடும்" என்றார் ஒருவர். என் காது இரண்டும் கொதித்தது. தொலைந்தது அறை என்று நினைத்தேன்.

அப்போது நீ எழுதியது ஞாபகம் வந்தது: பெயர் பொருந்தாவிட்டாலும் தள்ளிவிடாமல் போய்ப் பாருங்கள். திரும்பி, "சார், இந்த ஒற்றைக் காலணி எப்படி வந்துச்சு?" என்று சிக்கனம் சாரைக் கேட்டேன். அவர் யோசித்தார். "பையில" என்றார். "பைக்குள்ள என்ன இருந்துச்சு?" "காலணி தெரிஞ்சுது. எழுதிட்டேன்."

ஒற்றைச் செருப்பு, ஒற்றை ஷூவெல்லாம் போட்டு வைக்கும் மரப்பெட்டி அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. யாரும் ஒற்றைச் செருப்பைத் தேடி வருவதில்லை, அதனால் நாங்களும் அதைத் திறப்பதில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் முழங்காலைப் போட்டு உட்கார்ந்தேன். செருப்புகளை இரண்டு பக்கமும் வாரி எறிந்தேன். ஒன்று மேலாளரின் பாதத்தில் விழுந்தது, அவர் அதை எடுத்து ஓரமாக வைத்தார். அடியில் ஒரு துணிப்பை. வாயில் சீட்டு, சிக்கனம் சார் கையெழுத்து. பைக்குள்ளிருந்து மெருகு போட்ட கறுப்பு ஷூவின் முனை எட்டிப் பார்த்தது. பிடித்து இழுத்தேன். ஷூ வந்தது. ஷூவோடு கணுக்கால் வந்தது. கணுக்காலோடு முழுக் காலும் வந்தது.

சிரித்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பெரிய கொண்டை அக்கா கைதட்டிவிட்டாள். நான் அந்தக் காலைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு நின்றேன். அழுகையும் வந்தது, "எப்படி?" என்று கேட்கவும் வாய் துடித்தது. "இதைத்தாம்மா பதிவேட்டில எண்ணிப் பாக்க முடியாது" என்று இயக்குநர் அம்மாவிடம் சொன்னேன். அவர் மற்ற வரிசைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கிளம்பும்போது, "முடிவை எழுதி அனுப்பறேன்" என்றார், அவ்வளவுதான். அப்புறம் வாசலில் நின்று, "இதை யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார். உன்னைச் சொன்னேன்.

இப்போது உன் சுகத்தைக் கேட்கிறேன். முதலில் வந்த கடிதங்களில் சிவப்பு வட்டம் போட்ட படம் இருந்தது. பிறகு கைப்படம். பிறகு "மூன்றாவதோ நான்காவதோ", "என்று நினைக்கிறேன்". தினமும் கம்ப்யூட்டரில் புழங்குகிற விரலுக்கு அந்தச் சந்தேகம் வராது, சின்னவளே. உன் முன்னால் கம்ப்யூட்டரே இல்லை, சரிதானே? எப்போதிலிருந்து?

அண்ணியிடம் மறைக்காதே.

உன் அண்ணி

ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தக் கால் பையிலிருந்து வந்த இடத்தை நான்கு தடவை படித்தேன். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டும் படித்துக் காட்டினேன். அவரும் கைதட்டினார்.

மார்ச் மாதம் பயிற்சி மையத்தை மூடிவிட்டார்கள். ஒரு காலையில் போனேன், கதவில் பூட்டு. அன்றிலிருந்து நாலு இடத்தில் கேட்டுவிட்டேன். இரண்டு குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓட்டுகிறேன். பட்டினி இல்லை, பயப்படாதீர்கள். அண்ணனின் பேச்சை மீறி வந்தவள் நான். "அப்பவே சொன்னேனே" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் எழுதவில்லை.

உங்களுக்குப் பாடம் எழுதும் நாட்களில் மட்டும் நான் இன்னும் டீச்சர் என்று இருந்தது. ஞாபகத்திலிருந்து டிசைன் வியூவை வரைந்து, சரியா தப்பா என்று தெரியாமல் தபாலில் போடுவேன். நீங்கள் அதை வைத்து ஜெயித்துவிட்டீர்கள், அண்ணி. இந்த நான்கு மாதத்தில் எனக்கு வந்த ஒரே நல்ல சேதி அதுதான். ஆனால் நான்கு மாதத்துக்கும் அது போதும்.

உங்கள் முழங்காலைத் தரையில் போட்டு உட்கார்ந்தீர்களே, வலி எப்படி இருக்கிறது?

உங்கள் சின்னவள்

ஜூலை 6

என் தங்கத்துக்கு,

முழங்கால் வலிக்கிறது, மகா சந்தோஷமாக வலிக்கிறது.

தையல்காரர் வந்தார், மகளோடு. கால் இல்லாதவரிடம் "இது உங்க கால்தான்னு எப்படி நம்பறது?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். பையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு அடையாளம் கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "உள்ள மெத்தை தைச்சிருக்கேன். மஞ்சள் பூப் போட்ட துணி. இவ சின்னதில போட்ட கவுனு" என்று மகளைக் காட்டினார். அடையாளம் டேபிளைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, பூவை நானே எண்ணி வைத்திருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வாரை இழுத்துக் கட்டினார். ஊன்றுகோலை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் வாசலுக்குப் போனார். நாங்கள் மூன்று பேரும் வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம். சிக்கனம் சார் திடீரென்று வாயைத் திறந்து, "நான் பையை முழுசாத் திறந்து பாத்திருக்கணும், மன்னிச்சுக்குங்க, இனிமே எல்லாத்தையும் விவரமா எழுதறேன்" என்றார். நானும் பெரிய கொண்டை அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு வார்த்தைகளை அவர் எங்கே சேர்த்து வைத்திருந்தாரோ.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. அறையை மூடவில்லை! அது மட்டுமில்லை, மற்ற மூன்று பணிமனைகளில் கிடைப்பதும் இனி இங்கேதான் வரும். பக்கத்து அறையின் சுவரை இடித்துப் பெரிதாக்கப் போகிறார்கள். நான்கு இடத்து ஆட்களுக்கும் டேபிள் போடச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டுமாம், நிரந்தர வேலை. இயக்குநர் அம்மா உத்தரவின் அடியில் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: "உங்கள் நாத்தனாரை உடனே வரச் சொல்லுங்கள்." இதோடு இணைத்திருக்கிறேன், படித்துப் பார். பாதி நாள் கம்ப்யூட்டர் இல்லாமலே என்னைப் படிக்க வைத்தவள், கம்ப்யூட்டர் இருந்தால் என்னவெல்லாம் செய்ய மாட்டாய்!

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. படித்து முடித்துவிட்டு, "நான் என்ன புலியா? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?" என்றார். எழுந்துபோய் முன்னறையில் இருந்த தன் பழைய பெட்டிகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டார். "அவ மேசை சன்னல் பக்கம் வரட்டும். வெளிச்சம் வேணுமில்ல?" என்றார். அப்போதிலிருந்து அறையைப் பெருக்குகிறார், தும்முகிறார், மறுபடியும் பெருக்குகிறார்.

முதல் வண்டியைப் பிடித்து வா. பத்திரமாக வா. இறங்கும் அவசரத்தில் எதையும் சீட்டுக்கு அடியில் விட்டுவிடாதே. விட்டாலும் கவலைப்படாதே, அது எங்கள் அறைக்குத்தான் வரும்.

உன் அண்ணி